நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி: நம் சங்கங்கள் அறிய வேண்டியவை

நம் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் விஷயங்களுள் ஒன்று வாகனம். விளைபொருளைக் களத்திலிருந்து கிட்டங்கிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். உரத்தை ஊர் ஊராகக் கொண்டு கொடுக்க வேண்டும். நூல் சிப்பங்களைத் தறி வீடுகளுக்கு அனுப்பி, நெய்த துணியைத் திரும்பப் பெற வேண்டும். வாடகைக்குப் பிடிப்பதா, சொந்தமாக வாங்குவதா என்ற விவாதம் ஒருவாறு முடிந்ததும், எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்வி பிறக்கிறது. விலைப்புள்ளிகள் வருகின்றன. ஒன்றில் ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்று கண்டிருக்கிறது. மற்றொன்றில் ‘ஆல் வீல் டிரைவ்’ என்று கண்டிருக்கிறது. வண்டிக்கு இருப்பதே நான்கு சக்கரம். அப்படியிருக்க, நான்கு என்றால் என்ன, எல்லாம் என்றால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்று அங்கத்தினர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே.

சொல்லளவில் இரண்டும் ஒன்றுதான். வேலை செய்யும் முறையில் இரண்டும் வேறு. அந்த வேறுபாட்டை அறியாமல் தீர்மானம் நிறைவேற்றினால், தேவையற்ற சாதனத்துக்கு இலட்ச ரூபாய்க்கு மேலும் கூடுதலாகக் கொடுக்க நேரும். அல்லது வாங்கிய வண்டி வேண்டிய நாளில் வயலில் புதைந்து நிற்கும். இரண்டும் அங்கத்தினர் பணத்துக்கு வரும் நஷ்டமே. ஆகவே, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மண்ணையும் மழையையும் மனத்தில் கொண்டு, இவ்விஷயத்தை ஈண்டு எளிய முறையில் விளக்க முற்படுகிறோம்.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம்

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்பவை. கடையாணி, சக்கரம் கழன்று விழாமல் காக்குமேயன்றி, ஒன்றை மற்றொன்றோடு பிணைப்பதில்லை. ஆகவே தெருமுனையில் வண்டி திரும்பும்போது, வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிகத் தூரமும் உட்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரமும் தத்தம் போக்கில் ஓடிக்கொள்கின்றன. இழுப்பவை மாடுகள், சக்கரங்களுக்கு உருளுவது ஒன்றே வேலை.

மோட்டார் வண்டியிலோ சக்கரமே இழுக்கிறது. எஞ்சினின் சுழற்சி அச்சின் வழியாகச் சக்கரத்துக்கு வந்து, சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளுவதால் வண்டி முன்னேறுகிறது. இரு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கி வைத்துவிட்டால், திருப்பத்தில் ஏதேனும் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டிவரும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலமுள்ள வண்டி ஒன்று செங்கோணமாகத் திரும்பினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதற்காக அச்சின் நடுவே வைத்திருக்கும் பற்சக்கரக் கூட்டத்துக்கே ‘டிஃபரென்ஷியல்’ என்று பெயர். லாரியின் பின் அச்சின் நடுவில் பானைபோலப் புடைத்து நிற்பது இதன் கூடே ஆகும்.

மிக உபயோகமான இச்சாதனத்தில் ஒரு குறை உண்டு. அது இரு சக்கரங்களுக்கும் சமமான விசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலுமானால், அதைச் சுழற்றப் போதுமான சொற்ப விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று வீணே சுழல, மற்றொன்று அசையாமல் நிற்க, வண்டி நகராது. மழைக்காலத்தில் சாலை ஓரம் இறங்கிய வண்டி ஒரு பக்கம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, மறுபக்கம் சும்மா நிற்பதை நம்மில் காணாதவர் இலர். காரணம் இதுவே.

நம் பக்கத்தில் பெரிதும் ஓடும் சரக்கு வண்டிகள் யாவும் இரு பின் சக்கரங்களால் மட்டும் இழுப்பவை. 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, ‘குட்டி யானை’ என்று மக்களால் அழைக்கப்படும் டாட்டா ஏஸ் வண்டியும் அவ்வகையினதே. இரண்டு சக்கரம் செய்யும் வேலையை நான்குக்கும் பங்கிட்டால் என்ன என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவையே நாம் பேச வந்த இரு வகைகளும்.

முதல் வகை: ஓட்டுநர் பூட்டுவது

நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ரோல் கார் நேற்று வந்ததன்று. நெதர்லாந்து நாட்டின் ஸ்பைக்கர் நிறுவனம் 1903ஆம் ஆண்டிலேயே அத்தகைய கார் ஒன்றைச் செய்தது. எனினும், இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது இரண்டாம் உலக யுத்தத்தில் 1941 முதல் ஓடிய வில்லிஸ் ஜீப்பேயாகும். யுத்தம் முடிந்தபின் நம் நாட்டில் மகீந்திரா நிறுவனம் அந்த ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், அரசாங்க அலுவலர் என்றாலே ஜீப் என்று கிராமவாசிகள் எண்ணும் அளவுக்கு அவ்வண்டி பரவியது.

இவ்வகை வண்டியில் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்னும் மற்றொரு பெட்டி இருக்கும். சாதாரண நேரத்தில் எஞ்சினின் விசை பின் அச்சுக்கு மட்டும் போகும். ஓட்டுநர் தனி நெம்புகோலைத் தள்ளினாலோ, புதிய வண்டிகள் சிலவற்றில் விசையை அழுத்தினாலோ, முன் அச்சும் பின் அச்சோடு பூட்டப்படும். அப்போது முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். பின் சக்கரம் ஒன்று சேற்றில் வழுக்கினாலும், முன் அச்சுக்குப் போகும் விசை குறையாது. முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் பிடிப்பு இழந்தாலன்றி வண்டி நிற்காது.

இதனோடு ‘லோ கியர்’ என்ற மெதுவான கியர்த் தொகுதி ஒன்றும் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் உண்டு. இதைப் பூட்டினால் வேகம் ஏறத்தாழ 2 முதல் 2½ மடங்கு குறையும். இழுக்கும் விசை அந்த அளவுக்கு ஏறும். செங்குத்தான வண்டிப்பாதையில் ஏறவும், மணலில் ஊர்ந்து செல்லவும், புதைந்த மற்றொரு வண்டியை இழுக்கவும் இதுவே கைகொடுப்பது. நான்கு சக்கர இயக்கத்தின் உண்மையான பலத்தில் பாதி இந்த மெதுவான கியரில் இருக்கிறது என்றால் மிகையன்று.

இனி, இதன் கட்டுப்பாட்டைக் கவனிப்போம். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகன்ற வளைவில் ஓடுகின்றன. ஆனால் இரு அச்சுகளும் பூட்டப்பட்டிருப்பதால் ஒன்று முந்தவும் ஒன்று பிந்தவும் வழியில்லை. அந்த வேறுபாடு தண்டுகளில் முறுக்காக ஏறுகிறது. நூலுக்கு முறுக்கு வேண்டும். அது மிஞ்சினால் நூல் சுருண்டுகொண்டு அறும் என்பதை நெசவாள அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் அப்படியே. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி அம்முறுக்கை அவ்வப்போது அவிழ்த்துவிடும். உலர்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. எனவே ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், நாளடைவில் பற்சக்கரம் உடையும். இவ்வகை இயக்கத்தைத் தேவையான இடத்தில் பூட்டி, தார்ச் சாலை ஏறியதும் அவிழ்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வரை தேசிய நெடுஞ்சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டியபடியே செல்பவர், சங்கத்தின் பணத்தைச் சாலையில் தேய்த்துக்கொண்டு செல்பவராவார்.

இரண்டாம் வகை: வண்டி தானே பகிர்வது

தார்ச் சாலையிலும் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் என் செய்வது? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்றாவது டிஃபரென்ஷியல் ஒன்றை வைக்க வேண்டும். அல்லது, வேண்டியபோது இறுகி வேண்டாதபோது நெகிழும் ஒரு கிளட்சை வைக்க வேண்டும். இவ்வாறு முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தந்து, ஓட்டுநர் எதையும் தொடாமலே விசையைப் பகிர்ந்து கொடுக்கும் முறையே ‘ஆல் வீல் டிரைவ்’ எனப்படுகிறது.

இம்முறையை வளர்த்தவர்களுள் முன்னணியில் நின்றவர் நம் விவசாய அன்பர்கள் நன்கறிந்த பெயருடையவர். அவரே ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் வட பகுதியில் 1884இல் பிறந்த அவர், கலப்பையை டிராக்டரோடு மூன்று இடங்களில் இணைத்துத் தூக்கி இறக்கும் முறையை உருவாக்கியவர். இன்று நம் வயல்களில் ஓடும் எந்த டிராக்டரின் பின்னாலும் அம்மூன்று புள்ளி இணைப்பைக் காணலாம். சென்னையில் 1960இல் தோன்றிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு டிராக்டர் செய்யத் தொடங்கியதும் இங்கு நினைக்கத்தக்கது. அந்த ஃபெர்குசன் தம் பிற்காலத்தில், சாலையில் ஓடும் கார்களுக்கும் நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்று கருதி அதற்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் நடத்தினார். அவர் 1960இல் காலமானார். அவர் வகுத்த முறை 1966இல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற இங்கிலாந்துக் காரில் இடம்பெற்றது. பின்னர் 1980இல் வந்த ஆடி குவாட்ரோ என்ற ஜெர்மன் கார் நான்கு சக்கர இயக்கத்தைச் சாலைக் கார்களிடையே பிரபலமாக்கியது.

இன்று நம் நாட்டில் விற்கும் இவ்வகைக் கார்களுள் பல, சாதாரணமாக முன் சக்கரங்களால் ஓடுபவை. முன் சக்கரம் வழுக்குவதைக் கருவி உணர்ந்தவுடன், நடுவிலுள்ள கிளட்ச் இறுகி, பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்புகிறது. மழை பெய்து நனைந்த சாலை, மலைப்பாதை, சரளைப் பாதை ஆகியவற்றில் இது மிக்க சௌகரியமானது. ஓட்டுநருக்குப் பயிற்சியும் அதிகம் வேண்டியதில்லை. ஆனால் இவற்றுட் பெரும்பாலானவற்றில் மெதுவான கியர்த் தொகுதி இல்லை. ஆழமான சேற்றில் நெடுநேரம் போராடினால் கிளட்ச் சூடேறும். சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளப் பின் சக்கரங்களுக்குரிய விசையை நிறுத்திக்கொள்ளும் வண்டிகளும் உள. சாலையை மனத்தில் கொண்டு செய்த சாதனத்திடம் உழவு நிலத்து வேலையை எதிர்பார்த்தல் பொருந்தாது.

சுருங்கச் சொல்லின், கேட்க வேண்டியவை இரண்டே. முன் அச்சைப் பூட்டுவது ஓட்டுநரா, வண்டியா? பூட்டிய பின் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமுண்டா, இல்லையா? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் வண்டியின் வகை தெரிந்துவிடும்.

பெயரை நம்பலாகாது

இவ்வேறுபாட்டை வியாபாரப் பெயர்கள் எப்போதும் காட்டுவதில்லை. மாருதி நிறுவனத்தின் இரு வண்டிகளை உதாரணமாகக் கொள்வோம். 2023இல் விற்பனைக்கு வந்த ஜிம்னியின் இயக்கத்துக்கு ‘ஆல்கிரிப் ப்ரோ’ என்று பெயர். 2022இல் வந்த கிராண்ட் விட்டாராவில் கிடைத்ததற்கு ‘ஆல்கிரிப் செலக்ட்’ என்று பெயர். முதற்சொல் ஒன்றே. ஆயினும் முன்னது, நெம்புகோலால் பூட்டி மெதுவான கியரும் போடத்தக்க பழைய ஜீப் வழியினது. பின்னது, தானே பகிர்ந்துகொள்ளும் சாலை வழியினது.

உருவத்தையும் நம்பலாகாது. ஜீப் போலத் தோன்றுவன எல்லாம் நான்கு சக்கரத்தால் இழுப்பன அல்ல. இரண்டு சக்கர இயக்கமுள்ள ஜீப்புகள் நம் நாட்டில் நெடுங்காலமாக ஓடுகின்றன. மகீந்திரா தார் வண்டியிலும் 2023 ஜனவரி முதல் பின் சக்கர இயக்கம் மட்டும் உள்ள வகை, நான்கு சக்கர இயக்க வகைக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கு வந்தது. தவிர, இரு முறைகளின் நன்மையையும் சேர்த்துச் செய்த வண்டிகளும் உண்டு. 1970இல் வந்த இங்கிலாந்தின் ரேஞ்ச் ரோவர் எப்போதும் நான்கு சக்கரத்தால் ஓடுவது. நடு டிஃபரென்ஷியலும் அதற்குப் பூட்டும் மெதுவான கியரும் அதில் இருந்தன. அத்தகைய வண்டிகளின் விலை நம் சங்கங்களின் விவாதத்துக்கு உட்பட்டதன்று. ஆகவே விலைப்புள்ளியில் காணும் பெயரை விட்டு, சாதனம் என்ன என்று எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுவதே நிர்வாகஸ்தர்களுக்கு அழகு.

நம் மண் என்ன சொல்கிறது?

நம் வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. ஏனைய மாதங்களில் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். செவல் நிலம் கல்லாய் இறுகிக் கிடக்கும். குண்டாறு மணலாய்க் கிடக்கும். வறண்ட நாளில் சாதாரணப் பிக்கப் வண்டி போகாத பாதை நம் பக்கம் சிலவே. ஆக, நான்கு சக்கர இயக்கம் உண்மையில் தேவைப்படும் நாட்கள் ஆண்டில் மிகக் குறைவு. ஆனால் அந்தச் சில நாட்களில்தான் குடியானவனின் ஓராண்டு உழைப்பு களத்தில் கிடக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த கனமழை, தென் மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற பயிர்களைக் கெடுத்ததை யாவரும் அறிவர்.

மூன்று மண்ணும் மூன்று விதம். செவல் நிலத்தில் மழை விட்டுச் சில மணி நேரத்தில் சக்கரத்துக்குப் பிடிப்பு வந்துவிடும். மணலில் நான்கு சக்கர இயக்கமும், சிறிது காற்று இறக்கிய டயரும், மெதுவான கியரும் சேர்ந்தால் வண்டி ஊர்ந்து சென்றுவிடும். தார்ச் சாலை ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். கரிசலோ வேறு. அதிலுள்ள களிமண் நீரை உண்டு பருக்கும், பிசின்போல ஒட்டும். டயரின் வரிப்பள்ளங்களை நாலு சுற்றில் நிரப்பி, சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். பிடிப்பே இல்லாத நான்கு சக்கரங்களுக்கு விசையை எவ்வளவு பங்கிட்டாலும் பயன் சொற்பம்.

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் தை மாதத்தில் நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவது பொருந்தும். மக்காச்சோளம் கதிரடித்து, மூட்டை பிடித்துக் களத்தில் அடுக்கியிருந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்தது. மாலைக்குள் மறுபடி பெய்யும்போல் வானம் இருண்டிருந்தது. நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வண்டி ஒன்று வாடகைக்கு வந்தது.

“அண்ணாச்சி, நாலு வீலும் இழுக்கும், கவலைப்படாதீங்க” என்றார் இளைஞரான ஓட்டுநர்.

“நாலும் ஒரே சகதியிலதானே தம்பி நிக்கப் போகுது?” என்றார் மூட்டைக்கு உரியவரான பெரியவர்.

வண்டி உள்ளே போகும்போது தடையின்றிப் போயிற்று. முப்பது மூட்டை ஏற்றித் திரும்புகையில், களத்துக்கும் சாலைக்கும் நடுவே சக்கரங்கள் பாதிக்கு மேல் இறங்கின. ஓட்டுநர் விசையை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே பள்ளம் பறித்துக்கொண்டது. வண்டியின் வயிறு தரையில் தட்டிய பின், எந்தச் சக்கரத்துக்கும் பாரம் இல்லை; பாரம் இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை. மூட்டைகளைத் தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டு வந்தனர். பாதி வருமுன் மழை பிடித்துக்கொண்டது. டிராக்டர் வந்து வண்டியை இழுத்தது மறுநாள். நனைந்த சோளத்துக்கு வியாபாரி குறைத்த விலையைப் பெரியவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அவ்வூரார் அதன்பின் செய்தது கவனிக்கத்தக்கது. புதிய வண்டியைப் பற்றி அவர்கள் பேசவில்லை. தார்ச் சாலையை ஒட்டிய மேட்டு நிலத்தில் பொதுக் களம் ஒன்றுக்கு இடம் பார்த்தனர்; வண்டிப்பாதையின் தாழ்ந்த இடங்களில் சரளை கொட்டினர். அடுத்த ஆண்டு மழையிலும் மூட்டைகள் சாதாரண வண்டியிலேயே ஏறின. வண்டியை மாற்றுவதைவிடப் பாதையை மாற்றுவது பல இடங்களில் மலிவானது.

புதைந்தபின் செய்யத்தக்கதையும் சொல்லி வைப்போம். சக்கரம் வீணே சுற்றுவதைக் கண்டவுடன் விசையை நிறுத்த வேண்டும். சக்கரத்தின் முன்னால் மண்ணைப் பறித்து, பருத்திமார்க் கட்டையோ பனையோலையையோ திணித்து, மெதுவான கியரில் அடிமேல் அடியாக ஏற்ற வேண்டும். பாரத்தை முன்னரே இறக்கிவிடுதல் நலம். அவசரத்தில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போடுவோர் டயரை இழப்பர்.

டிராக்டரின் பாடம்

விவசாய அன்பர்களுக்கு இவ்விஷயம் வண்டியைவிட டிராக்டரில்தான் அதிகம் பயன்படும். நம் வயல்களில் பெரும்பாலும் ஓடுவது இரண்டு பெரிய பின் சக்கரங்களால் இழுக்கும் டிராக்டரே. அதிலும் பின் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவதற்குக் காலால் மிதிக்கும் ‘டிஃபரென்ஷியல் லாக்’ உண்டு. ஒரு சக்கரம் வழுக்கும்போது மட்டும் மிதித்து, நேராகச் சென்று, திரும்புமுன் விட்டுவிட வேண்டும். பூட்டியபடி திருப்பினால் அச்சு உடையும். முன்னர் நாம் சொன்ன முறுக்கின் கதையேதான் இதுவும்.

இப்போது நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர்கள் பெருகி வருகின்றன. இவற்றில் முன் சக்கரம் சிறியது. பின் சக்கரம் பெரியது. முன் சக்கரம் தரையில் சற்றே வேகமாக ஓடுமாறு பற்சக்கரம் அமைத்திருப்பர். உழவில் இது நன்கு இழுக்கும். சாலையில் டயரைத் தின்னும். ஆகையால் வயலை விட்டு ஏறியதும் முன் இயக்கத்தை நீக்கிவிட வேண்டும். முன் டயரையோ பின் டயரையோ வேறு அளவில் மாற்றினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வேளாண்மைப் பொறியியல் துறையிலும், சில தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆண்டில் பத்து நாள் வேலைக்காக வண்டி ஒன்றில் முதலை முடக்குவதைவிட, அந்தப் பத்து நாளுக்கு டிரெயிலரோடு டிராக்டரை அமர்த்திக்கொள்ளுதல் சிக்கனமாகலாம்.

எச்சங்கத்துக்கு எது தகும்?

நெசவாளர் சங்கத்துக்கு இரு வகையும் வேண்டா என்பது நம் கருத்து. அருப்புக்கோட்டை நகரத்துத் தறி வீடுகளுக்குச் சிமெண்டுத் தெருவும் தார்ச் சாலையும் உள்ளன. நூலுக்கும் துணிக்கும் பகை ஈரம். நல்ல தார்ப்பாயும், ஒழுகாத மேற்கூடும் உள்ள சாதாரண வண்டி போதும். மிஞ்சும் பணம் நடைமுறை மூலதனத்தில் சேர்ந்தால், கூலியை நாள் தவறாமல் கொடுக்க உதவும்.

விவசாயிகளின் சங்கத்தில், கிட்டங்கி சாலையோரத்தில் இருந்து, சரக்கும் சாலைக்கே வந்து சேருமானால், அங்கும் பின் சக்கர இயக்கப் பிக்கப் போதுமானது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வண்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரத்தில் பாரம் குறைவு. ஆகையால் எளிதில் வழுக்கும். ஓரளவு பாரம் ஏறினால் பிடிப்பு கூடும். கரிசல் காட்டுக்குள்ளும் ஆற்று மணலிலும் நாள்தோறும் போய் வரவேண்டிய சங்கம் இருப்பின், நெம்புகோலால் பூட்டி மெதுவான கியரும் உள்ள நான்கு சக்கர இயக்கமே தகும். தானே பகிரும் வகை, நனைந்த சாலையிலும் மலைப்பாதையிலும் ஆட்களை ஏற்றிச் செல்லும் காருக்கு உகந்தது. நம் சமவெளியில் சரக்கு வண்டிக்கு அதன் அவசியம் மிகக் குறைவு.

விலையோடு செலவு முடிவதில்லை. கூடுதல் பெட்டி, கூடுதல் தண்டு, கூடுதல் டிஃபரென்ஷியல் ஆகியவற்றின் எடையை வண்டி நாள்தோறும் சுமக்கிறது. அதற்கும் டீசல் செலவாகிறது. அப்பெட்டிகளுக்கும் தனித்தனியே எண்ணெய் மாற்ற வேண்டும். தானே பகிரும் வகையில் நான்கு டயர்களும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால், சுற்றளவு வேறுபட்டு நடுக் கிளட்ச் ஓயாது உழைத்துச் சூடேறும். ஒரு டயர் வெடித்தாலும் சில சமயம் நான்கையும் மாற்ற வேண்டிவரும்.

உயிருக்கு ஓர் எச்சரிக்கை

நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் துணை செய்யுமேயன்றி, நிற்பதற்குத் துணை செய்யாது. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நனைந்த சாலையில் இவ்வண்டி விரைவாக வேகம் பிடிப்பதைக் கண்டு, அதே விரைவில் நிற்கும் என்று நம்புவோர் திருப்பத்தில் ஏமாறுவர்.

இதனினும் கொடியது தரைப்பாலத்து வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வறண்ட சீமை என்று நாம் சொல்லும் பக்கத்திலும் சில மணி நேரத்தில் ஓடை ஆறாகிவிடும். முழங்கால் அளவு ஓடும் நீர் சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டு அடி நீர் பெரும்பாலான கார்களை மிதக்கச் செய்துவிடும். மிதக்கும் வண்டிக்குத் தரையோடு தொடர்பில்லை. அதன் சக்கரம் இரண்டு இழுத்தால் என்ன, நான்கு இழுத்தால் என்ன? ஓடும் வெள்ளத்தில் பாலத்தின் விளிம்பும், அரித்துப்போன பள்ளமும் கண்ணுக்குத் தெரியா. எந்த வண்டியானாலும் கரையில் நின்று நீர் வடியக் காத்திருத்தல் வேண்டும். இதைச் சங்கம் தன் ஓட்டுநருக்கு எழுத்து மூலம் கட்டளையாகவே கொடுத்து வைக்கலாம். தாமதமான சரக்குக்கு ஓட்டுநரைக் கடியாதிருத்தலும் நிர்வாகஸ்தர் கடமை.

தீர்மானத்துக்கு முன்

வாகனம் வாங்கும் தீர்மானம் மகாசபையின் முன் வருமானால், அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்கத்தக்க கேள்விகள் இவை. சென்ற ஆண்டில் எத்தனை நாள், எந்தெந்த ஊருக்கு, பாதை கெட்டதால் வண்டி போக முடியவில்லை? அந்த நாட்களுக்கு டிராக்டர் அமர்த்தினால் ஆகும் வாடகை எவ்வளவு? பாதையின் கெட்ட இடங்களுக்குச் சரளை போட ஆகும் செலவு எவ்வளவு? வரும் வண்டியில் முன் அச்சைப் பூட்டுவது யார்? மெதுவான கியர் உண்டா? அதைப் பழுதுபார்க்கும் பட்டறை அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ உண்டா, மதுரைக்குப் போக வேண்டுமா? நான்கு டயரையும் சேர்த்து மாற்றும் செலவு ஆண்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டதா?

இவற்றுக்கு விடை எழுதிப் பார்த்தால், சில சங்கங்களுக்கு நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்றே புலப்படும். அவை தயங்காமல் வாங்கலாம். பல சங்கங்களுக்கு அது வேண்டாம் என்று புலப்படும். அவற்றின் பணம் மிஞ்சும். தீர்மானப் புத்தகத்தில் வண்டியின் பெயரை எழுதுமுன் அதன் வேலையை எழுதுங்கள். வேலை இன்னதென்று தெளிந்தால், அதற்கேற்ற வண்டியைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று.